ஸ்பானிஷ் வினைச்சொல் காலங்கள்: தமிழ் வழியாகப் படித்து ஏ2 தேர்வு எழுத ஒரு வழிகாட்டி

ஸ்பெயினின் வலேன்சியாவுக்கு வந்த முதல் ஆண்டிலேயே ஒரு தனியார் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். மாதம் 120 யூரோ, ஒன்பது மாதம். வகுப்பில் இருந்த மற்றவர்களுக்காக ஆசிரியர் ஆங்கிலத்தில் விளக்குவார். நானும் ஆங்கிலத்திலேயே குறிப்பெடுத்தேன். பக்கம் பக்கமாக வினைச்சொல் பட்டியல்களை மனப்பாடம் செய்தேன். அப்புறம் தொடக்கநிலை மொழித்தேர்வான ஏ2 எழுதினேன். எழுத்துப் பிரிவில் இறந்தகாலத்தை முழுக்கக் குழப்பி வைத்திருந்ததால் தேறவில்லை.

இரண்டாம் முறை, தினமும் இரவு பிள்ளைகள் தூங்கியபிறகு, தமிழை வைத்துக்கொண்டு தனியாகப் படித்தேன். ஏழு மாதத்தில் தேறினேன். ஸ்பானிஷ் வினைச்சொல்லின் பாதி விஷயம் நமக்குத் தாய்மொழியிலேயே இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருடமும் ஆயிரம் யூரோவும் மிச்சமாகியிருக்கும். உங்களுக்காவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன். வேலைக்காகவோ குடும்பத்தோடோ ஸ்பெயினுக்கு வந்து, குடியுரிமைக்காக ஏ2 எழுத வேண்டியவர்களை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

1. எதைப் படிக்க வேண்டாம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஸ்பானிஷ் இலக்கண நூல்களின் கணக்குப்படி வினைவடிவ அட்டவணைகள் மொத்தம் 17. பெரும்பாலானவற்றில் ஆறு விகுதி. இணையத்தில் ஒரு வினைச்சொல்லைத் தேடினால் இந்த 17 அட்டவணையும் ஒரே பக்கத்தில் கொட்டும். பார்த்து மலைத்துப்போக வேண்டாம். அவற்றில் இரண்டு மூன்று இன்றைக்கு யார் பேச்சிலும் கிடையாது.

ஏ2 நிலைக்கு வேண்டியது இவ்வளவுதான்: நிகழ்காலம், மூன்று வகை இறந்தகாலம், "சாப்பிடப் போகிறேன்" வகை எதிர்காலம், "சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்" வகை, கொஞ்சம் கட்டளை வடிவம். விகுதி சேர்க்கும் எதிர்காலம், "இருந்தால் செய்வேன்" வகை, சுப்ஹுந்தீவொ (ஆசை, சந்தேகம் போன்றவற்றைச் சொல்லும் வடிவம்) என்று எல்லோரும் பயமுறுத்துவது எல்லாம் அடுத்த நிலையான பி1-இல் வருபவை. முதல் ஆறு மாதம் அந்தப் பக்கங்களைத் திருப்பவே வேண்டாம்.

பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. வகுப்பில் இந்தெஃபினீதொ ("நேற்றுப் போனேன்" வகை இறந்தகாலம்) என்று சொல்லும் அதே காலத்தை அகராதியில் பெர்ஃபேக்தொ ஸீம்ப்லெ என்று போட்டிருப்பார்கள். அது வேறு ஒரு காலம் என்று நினைத்து இரண்டு முறை படித்தவள் நான். இரண்டும் ஒன்றே.

2. ஒலியைக் குறில் நெடிலில் எழுதிக்கொள்ளுங்கள்

ஸ்பானிஷில் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதை வைத்தே பொருள் மாறும். நமக்கு ஒரு வசதி: தமிழில் எ, ஏ, ஒ, ஓ என்று குறிலும் நெடிலும் தனித்தனியாக இருக்கின்றன. அழுத்தம் விழும் எழுத்தை நெடிலாகவும் மற்றதைக் குறிலாகவும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

ஆப்லொ என்றால் "பேசுகிறேன்". அப்லோ என்றால் "அவர் பேசினார்". எழுத்தெல்லாம் ஒன்று, அழுத்தம் இடம் மாறியதும் ஆளும் மாறிவிட்டார், காலமும் மாறிவிட்டது. ஸ்பானிஷில் எழுதும்போது இந்த வித்தியாசத்தைக் கடைசி உயிரெழுத்தின் மேல் போடும் சின்னக் கோடுதான் காட்டும். அதற்குத் தீல்தெ என்று பெயர். எழுத்துத் தேர்வில் அதை விட்டால் தவறான சொல்லை எழுதியதாகவே ஆகிவிடும்.

நம் எழுத்தில் காட்ட முடியாதவை சில உண்டு. வ என்று நான் எழுதியிருக்கும் இடத்தில் அவர்கள் பல்லை உதட்டில் வைப்பதில்லை. உதடுகளைச் சேர்த்தே சொல்வார்கள். ஸ என்று எழுதியிருக்கும் சில இடங்களில் ஸ்பெயின்காரர்கள் நாக்கைப் பல்லுக்கிடையில் வைப்பார்கள். அதைக் காதால் கேட்டுப் பழகிக்கொள்ளலாம், அவசரமில்லை.

3. நிகழ்காலம்: மூன்று வாரம்

எல்லா வினைச்சொல்லும் ஆர், ஏர், ஈர் என்ற மூன்றில் ஒன்றில் முடியும். அப்லார் என்றால் பேசுதல், கொமேர் என்றால் சாப்பிடுதல், விவீர் என்றால் வாழ்தல். அந்தக் கடைசித் துண்டை வெட்டிவிட்டு விகுதியை ஒட்ட வேண்டும்.

பேசுகிறேன் – ஆப்லொ
பேசுகிறாய் – ஆப்லஸ்
பேசுகிறார் – ஆப்ல
பேசுகிறோம் – அப்லாமொஸ்
(நீங்கள் எல்லோரும்) பேசுகிறீர்கள் – அப்லாய்ஸ்
பேசுகிறார்கள் – ஆப்லன்

கொமேர்: கோமொ, கோமெஸ், கோமெ, கொமேமொஸ், கொமேய்ஸ், கோமென்.

விவீர்: வீவொ, வீவெஸ், வீவெ, விவீமொஸ், விவீஸ், வீவென்.

"பேசுகிறேன்" என்றாலே "நான்" உள்ளே இருக்கிறது. ஸ்பானிஷிலும் அப்படியே. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் "யோ, யோ" என்று நான் போட்டுக்கொண்டே இருப்பார்கள், கேட்பவர்களுக்கு உறுத்தும். தமிழில் நீங்கள் "நான்" போடாத இடத்தில் ஸ்பானிஷிலும் போடாதீர்கள்.

மரியாதை வடிவம் மட்டும் நம்மிடமிருந்து கொஞ்சம் வேறு. உஸ்தேத் என்றால் மரியாதைக்குரிய "நீங்கள்". ஆனால் அதற்கு "அவர்" விகுதிதான் வரும்: உஸ்தேத் ஆப்ல. நம் வீடுகளில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தே "மாப்பிள்ளை காபி சாப்பிடுறாரா?" என்று கேட்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அரசு அலுவலகம், மருத்துவர், வயதானவர் என்றால் உஸ்தேத். கடையிலும் பள்ளி வாசலிலும் பெரும்பாலும் "நீ"தான் ஓடும். யாராவது உங்களை "நீ" என்று சொன்னால் அது மரியாதைக் குறைவு இல்லை.

ஒழுங்கில்லாத வினைகளைப் பட்டியலாகப் படிக்காமல், தினமும் வாயில் வருவதை மட்டும் "நான்" வடிவத்தோடு படியுங்கள்: ஸோய் (நான் இன்னார்), எஸ்தோய் (இருக்கிறேன்), தேங்கொ (என்னிடம் இருக்கிறது), வோய் (போகிறேன்), ஆகொ (செய்கிறேன்), புவேதொ (என்னால் முடியும்), கியேரொ (எனக்கு வேண்டும்), வேங்கொ (வருகிறேன்), தீகொ (சொல்கிறேன்), போங்கொ (வைக்கிறேன்), ஸே (எனக்குத் தெரியும்). இந்தப் பதினொன்றும் தெரிந்தால் ஒரு நாளை ஓட்டிவிடலாம்.

புவேதொ ("என்னால் முடியும்") என்பது "நாம்" வரும்போது பொதேமொஸ் என்று ஆகிறது. ஏன் ஒரு இடத்தில் உவே, இன்னொரு இடத்தில் வெறும் ஒ என்று நான் ரொம்ப நாள் திணறினேன். குறில் நெடிலில் எழுதியதும் தெரிந்துவிட்டது: வேரின் மேல் அழுத்தம் இருந்தால் வேர் மாறும், அழுத்தம் விகுதிக்குப் போய்விட்டால் வேர் பழையபடி இருக்கும்.

இன்னொரு இடத்திலும் தமிழர்களுக்கு லாபம். "எனக்கு இட்லி பிடிக்கும்" என்பதில் இட்லிதான் எழுவாய், நான் வெறும் "எனக்கு". ஸ்பானிஷிலும் மெ கூஸ்த என்பதற்கு அதே அமைப்புதான். பிடித்த பொருள் பன்மையானால் மெ கூஸ்தன். "எனக்குத் தலை வலிக்கிறது" என்பதும் இப்படித்தான்: மெ துவேலெ ல கபேஸ. மற்ற நாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் போராடும் இடம் இது. நீங்கள் ஒரு மாலையில் தாண்டிவிடலாம்.

4. செலவில்லாமல் கிடைக்கும் இரண்டு வடிவங்கள்: நான்கு நாள்

"சாப்பிடப் போகிறேன்" என்பது வோய் ஆ கொமேர். சொல்லுக்குச் சொல் நம் அமைப்பு. வோய், வாஸ், வா, வாமொஸ், வாய்ஸ், வான் என்ற ஆறையும் தெரிந்துகொண்டால் எந்த வினையையும் எதிர்காலத்தில் சொல்லிவிடலாம்.

"சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பது எஸ்தோய் கொமியேந்தொ. ஆர் வினைகளுக்கு ஆந்தொ, மற்ற இரண்டுக்கும் இயேந்தொ. நம் "இரு" எங்கே வருகிறதோ அங்கே எஸ்தோய். அவ்வளவுதான், மேலே போகலாம்.

5. முதல் இறந்தகாலம்: "சாப்பிட்டாச்சா?"

பெர்ஃபேக்தொவை முதலில் எடுங்கள் (முன்பு சொன்ன பெர்ஃபேக்தொ ஸீம்ப்லெ வேறு, இது வேறு). நம் "சாப்பிட்டிருக்கிறேன்" மாதிரியே இரண்டு துண்டு. துணைவினை ஏ, ஆஸ், ஆ, ஏமொஸ், அபேய்ஸ், ஆன் என்று ஆளுக்கேற்ப மாறும். அதோடு அப்லாதொ, கொமீதொ, விவீதொ என்று மாறாத ஒரு வடிவம். ஏ கொமீதொ என்றால் சாப்பிட்டிருக்கிறேன். யா ஆஸ் கொமீதொ? என்றால் சாப்பிட்டாச்சா?

ஒழுங்கில்லாதவை குறைவு, ஆனால் இவை இல்லாமல் பேச முடியாது: ஏச்சொ (செய்து), தீச்சொ (சொல்லி), வீஸ்தொ (பார்த்து), எஸ்க்ரீதொ (எழுதி), புவேஸ்தொ (வைத்து), வுவேல்தொ (திரும்பி), அபியேர்தொ (திறந்து), ரோதொ (உடைந்து).

இங்கே தமிழ் ஓர் இடத்தில் கைவிடும். "காலையில் டாக்டரைப் பார்த்தேன்" என்று நாம் சும்மா இறந்தகாலத்தில் சொல்வோம். ஸ்பெயினின் பெரும்பகுதியில் இன்று, இந்த வாரம், இந்த ஆண்டு என்று இன்னும் முடியாத காலத்துக்குள் நடந்தது எல்லாம் பெர்ஃபேக்தொவில் வர வேண்டும். இன்று காலை பார்த்தால் ஏ வீஸ்தொ. நேற்றுப் பார்த்தால் அது வேறு காலம். லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர்களோடு பழகுபவர்கள் கவனியுங்கள்: அவர்களில் பெரும்பாலோர் இன்று காலை நடந்ததையும் நேற்று நடந்தது மாதிரியே சொல்வார்கள். அது தவறில்லை, அவர்கள் ஊர் வழக்கம். ஆனால் தேர்வுக்கு ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு கலக்காமல் எழுதுவது நல்லது.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. என் மகனுக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சல். சுகாதார மையத்தில் மருத்துவரிடம், ஆங்கிலத்தை மனதில் ஓட்டி, ஆ தெனீதொ ஃபியேப்ரெ என்றேன். "அப்படியானால் இப்போது இல்லையா?" என்று கேட்டார். குழந்தை மடியில் சுட்டுக்கொண்டிருந்தது. நான் சொல்லியிருக்க வேண்டியது தியேனெ ஃபியேப்ரெ தேஸ்தெ அயேர். நிகழ்காலம்! தமிழில் யோசித்துப் பாருங்கள்: "நேற்றிலிருந்து காய்ச்சல் இருக்கிறது." நம் மொழியிலும் நிகழ்காலம்தான். "எட்டு வருஷமா இங்கே இருக்கோம்" என்பதும் அப்படியே: விவீமொஸ் அகீ தேஸ்தெ ஆஸெ ஓச்சொ ஆன்யொஸ். இன்னும் தொடரும் ஒன்றைத் தமிழில் எந்தக் காலத்தில் சொல்வீர்களோ அதே காலத்தில் ஸ்பானிஷிலும் சொல்லுங்கள். அன்றைக்குப் பிறகுதான் ஆங்கிலக் குறிப்பு நோட்டை மூடி வைத்தேன்.

6. இரண்டாம் இறந்தகாலம்: "நேற்று என்ன நடந்தது?"

இந்தெஃபினீதொவுக்கு ஐந்து வாரமாவது கொடுங்கள். மொத்தப் பயணத்தில் கடினமான மனப்பாடம் இதுதான்.

அப்லார்: அப்லே, அப்லாஸ்தெ, அப்லோ, அப்லாமொஸ், அப்லாஸ்தெய்ஸ், அப்லாரொன்.

கொமேர், விவீர் இரண்டுக்கும் ஒரே விகுதி: கொமீ, கொமீஸ்தெ, கொமியோ, கொமீமொஸ், கொமீஸ்தெய்ஸ், கொமியேரொன்.

"நான்", "அவர்" இரண்டும் நெடிலில் முடிவதைப் பாருங்கள். எழுதும்போது அங்கேதான் தீல்தெ.

ஒழுங்கில்லாத கூட்டத்தில் எல்லாம் தலைகீழ். தூவெ (எனக்கு இருந்தது), எஸ்தூவெ (இருந்தேன்), ஈஸெ (செய்தேன்), வீனெ (வந்தேன்), பூஸெ (வைத்தேன்), பூதெ (முடிந்தது), தீஹெ (சொன்னேன்). "அவர்" வந்தால் தூவொ, எஸ்தூவொ, ஈஸொ, வீனொ, பூஸொ, பூதொ, தீஹொ. அழுத்தம் வேரிலேயே நிற்கிறது, கடைசி எழுத்து குறில், ஆகவே தீல்தெ கிடையாது. பழக்கதோஷத்தில் இவற்றுக்கும் கோடு போட்டுவிடுவோம், கவனம்.

போதல், ஆதல் இரண்டு வினைக்கும் இந்தக் காலத்தில் ஒரே வடிவம்: ஃப்வீ, ஃப்வீஸ்தெ, ஃப்வே, ஃப்வீமொஸ், ஃப்வீஸ்தெய்ஸ், ஃப்வேரொன். "போனேன்" என்பதா வேறா என்பது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். ஃப்வீ, ஃப்வே இரண்டும் ஓரசைச் சொல் என்பதால் அவற்றுக்கும் தீல்தெ இல்லை.

அட்டவணையாக எழுதி எழுதிப் படித்தது எனக்குப் பலன் தரவில்லை. இரவில் அன்றைய நாளைப் பற்றித் தமிழில் ஐந்து வரி எழுதுவேன். மறுநாள் காலை அதையே "நேற்று" என்று தொடங்கி ஸ்பானிஷில் மாற்றுவேன். "நேற்று மார்க்கெட்டுக்குப் போனேன், மீன் வாங்கினேன், மாமியாரிடம் பேசினேன்." அயேர் ஃப்வீ அல் மெர்காதொ, கொம்ப்ரே பெஸ்காதொ, அப்லே கொன் மி ஸுவேக்ர. ஒரு மாதத்தில் இருபத்தைந்து வினை தானாகவே கைக்கு வந்துவிட்டது, ஏனென்றால் நம் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப வருவது அவ்வளவுதான். விகுதியில் சந்தேகம் வந்தால் ஸ்பானிஷ் மொழிக் கழகமான ரியால் அகாதெமியாவின் இணைய அகராதியில் வினைச்சொல்லைத் தேடுங்கள். முழு அட்டவணையும் இலவசமாக இருக்கிறது.

7. மூன்றாம் இறந்தகாலம்: "அப்போதெல்லாம் பாட்டி கதை சொல்வாள்"

இம்பெர்ஃபேக்தொவின் வடிவம் சுலபம். ஆர் வினைகளுக்கு அப்லாப, அப்லாபஸ், அப்லாப, அப்லாபமொஸ், அப்லாபய்ஸ், அப்லாபன். மற்றவற்றுக்கு கொமீய, கொமீயஸ், கொமீய, கொமீயமொஸ், கொமீயய்ஸ், கொமீயன். ஒழுங்கில்லாதவை மொத்த மொழியிலும் மூன்றே மூன்று: ஏர (ஆதல்), ஈப (போதல்), வெயீய (பார்த்தல்). ஒரு வாரத்தில் வடிவம் வந்துவிடும்.

எங்கே இதைப் போடுவது, எங்கே இந்தெஃபினீதொவைப் போடுவது? நான் தேர்வில் விழுந்தது இங்கேதான். எனக்குச் சொல்லிக்கொடுத்த விதி, நீண்ட நேரம் நடந்தால் இம்பெர்ஃபேக்தொ, சட்டென்று முடிந்தால் இந்தெஃபினீதொ என்பது. அந்த விதியை நம்பாதீர்கள். "ஐந்து வருஷம் சென்னையில் இருந்தேன்" என்பது நீண்ட காலம்தான், ஆனாலும் ஐந்து வருஷம் என்று எல்லை போட்டு முடித்துவிட்டதால் அது இந்தெஃபினீதொ: விவீ ஸீங்கொ ஆன்யொஸ் என் சென்னை.

இதற்குப் பதிலாகத் தமிழில் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். அந்த வாக்கியம் "அப்புறம் என்ன ஆச்சு?" என்பதற்குப் பதிலா? இந்தெஃபினீதொ. "அப்போ எப்படி இருந்துச்சு?" என்பதற்குப் பதிலா? இம்பெர்ஃபேக்தொ.

ஒரு பத்தியை எடுத்துப் பார்க்கலாம்:

"சின்ன வயதில் தஞ்சாவூரில் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. தினமும் சாயங்காலம் அங்கே போவோம். ஒருநாள் வாளி உள்ளே விழுந்துவிட்டது. தாத்தா இறங்கினார். வாளியை எடுத்தார்."

முதல் மூன்று வாக்கியமும் அப்போது எப்படி இருந்தது என்பதைச் சொல்கின்றன: விவீயமொஸ், அபீய, ஈபமொஸ். "ஒருநாள்" வந்ததும் கதை நகர ஆரம்பிக்கிறது: ஸெ கயோ (விழுந்தது), பஹோ (இறங்கினார்), ஸகோ (எடுத்தார்). வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஈய, ஈய, ஈப என்று இழுத்துக்கொண்டிருந்தது "ஒருநாள்" என்ற இடத்தில் ஓ, ஓ, ஓ என்று வெட்டிக்கொண்டு போகும். அந்தத் தாளம் காதில் ஏறியபிறகு எனக்கு விதியே தேவைப்படவில்லை.

"அங்கே போவோம்" என்பதைக் கவனித்தீர்களா? வடிவத்தில் எதிர்காலம், பொருளில் பழைய வழக்கம். "பாட்டி கதை சொல்வாள்", "அப்பா சைக்கிளில் வருவார்" என்று நாம் பழங்கதை பேசும்போது வருகிற இந்தச் சொல்வாள், வருவார் எல்லாமே கண்ணை மூடிக்கொண்டு இம்பெர்ஃபேக்தொ. "பெய்துகொண்டிருந்தது" மாதிரியான வடிவமும் அப்படியே: யொவீய குவாந்தொ யெகே, "நான் வந்து சேர்ந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது."

தமிழ் நம்மைத் தவறாக வழிநடத்தும் சொல் ஒன்றுதான்: "இருந்தது". கிணறு இருந்தது, வெயிலாக இருந்தது, பசியாக இருந்தது, அவள் சிவப்புச் சேலையில் இருந்தாள் என்று வர்ணிப்பது எல்லாம் இம்பெர்ஃபேக்தொ. "விழா நன்றாக இருந்தது" என்று முடிந்த நிகழ்ச்சிக்கு மதிப்பெண் போட்டால் இந்தெஃபினீதொ. "இருந்தது" வரும்போதெல்லாம் ஒரு நொடி நின்று மேலே சொன்ன இரண்டு கேள்வியையும் கேளுங்கள். தேர்வில் போகும் மதிப்பெண்ணில் பாதி இந்த ஒரு சொல்லில்தான் போகிறது என்பது என் அனுபவம்.

சில வினைகள் காலத்தோடு பொருளும் மாறும். ஸபீய என்றால் எனக்குத் தெரிந்திருந்தது, ஸூபெ என்றால் எனக்குத் தெரியவந்தது. கொனொஸீய என்றால் அவரை முன்பே தெரியும், கொனொஸீ என்றால் அப்போதுதான் அறிமுகமானார். தெரிந்திருந்தது, தெரியவந்தது என்று நம்மிடமே இரண்டு சொல் இருப்பதால் இதில் தடுமாற வேண்டியதில்லை.

இந்தப் படிக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். வாரம் இரண்டு பழங்கதை எழுதி, ஸ்பானிஷ் தெரிந்த ஒருவரிடம் திருத்தி வாங்க வேண்டும். திருத்துபவரிடம் வேறு எதையும் பார்க்க வேண்டாம், இறந்தகால வினைகளை மட்டும் வட்டமிடுங்கள் என்று சொல்லுங்கள். எல்லாவற்றையும் திருத்தினால் தாள் முழுக்கச் சிவப்பாகி மனசு விட்டுப்போகும்.

8. வகுப்பும் செலவும்

தனியார் வகுப்பில் பணம் கட்டுமுன் மூன்று இடங்களை விசாரியுங்கள்.

முதலாவது, பெரியவர்களுக்கான அரசுப் பள்ளி. எதுகஸியோன் தெ பெர்ஸோனஸ் அதூல்தஸ் என்று தேடினால் உங்கள் பகுதியில் இருப்பது தெரியும். வெளிநாட்டவருக்கு ஸ்பானிஷ் வகுப்பு பொதுவாக இலவசம். பாஸ்போர்ட் அல்லது குடியிருப்பு அட்டையோடு, நகராட்சியில் பதிந்ததற்கான எம்பத்ரொனமியேந்தொ சான்றும் கேட்கலாம், கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, எஸ்குவேல ஒஃபிஸியால் தெ இதியோமஸ் என்ற அரசு மொழிப்பள்ளி. கட்டணம் பகுதிக்குப் பகுதி மாறும், தனியாரை விட மிகக் குறைவு. ஆனால் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். கோடை விடுமுறைக்கு முன்பே உங்கள் ஊர்ப் பள்ளியின் விண்ணப்பத் தேதியைப் பார்த்து வையுங்கள். ஆகஸ்டில் போனால் கதவு பூட்டியிருக்கும். மூன்றாவது, நூலகங்களிலும் சமூக மையங்களிலும் நடக்கும் இந்தெர்காம்பியொ, அதாவது மொழிப் பரிமாற்றம். எனக்கு அங்கே கிடைத்த ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியைதான் என் பழங்கதைகளைத் திருத்தினார்.

இரண்டாம் முறை நான் செலவழித்தது: பயிற்சிப் புத்தகம் 25 யூரோ, கடைசி இரண்டு மாதம் இணையவழி ஆசிரியருக்கு மணிக்கு 15 யூரோ வீதம் 12 மணிநேரம், ஆக 180. தேர்வுக் கட்டணம் தனி.

9. தேர்வு: தேதி, பணம், பெயர்

குடியுரிமைக்குக் கேட்பது டெலே என்ற ஸ்பானிஷ் மொழிச் சான்றிதழ், ஏ2 நிலை அல்லது அதற்கு மேல். நடத்துவது ஸ்பெயின் அரசின் மொழி நிறுவனமான இன்ஸ்திதூதொ செர்வாந்தெஸ். ஆண்டில் பலமுறை நடக்கும், கட்டணம் நூறு யூரோவுக்கு மேல். பதிவு தேர்வுக்குப் பல வாரம் முன்பே மூடிவிடும். ஆகவே படிப்பு முடிந்தபிறகு தேதி தேடலாம் என்று இருக்காதீர்கள். ஏழாம் படியைத் தொடங்கும்போதே பதிவு செய்யுங்கள். டெலே சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. குடியுரிமைக்கு நமக்குத் தேவையான பத்தாண்டு குடியிருப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நான்காம் ஐந்தாம் ஆண்டிலேயே எழுதி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கூடவே சிசிஎஸ்இ என்ற, ஸ்பெயினைப் பற்றிய பொது அறிவுத் தேர்வும் உண்டு. 25 கேள்வி, 15 சரியாக இருக்க வேண்டும், கட்டணம் 85 யூரோ. முதல் முறை தவறினால் அதே பணத்தில் இன்னொரு முறை எழுதலாம். இது நான்கு ஆண்டுக்குத்தான் செல்லும், ரொம்ப முன்னால் எழுத வேண்டாம்.

நம் ஆட்களுக்கென்றே இருக்கும் சிக்கல் பெயர். பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருக்கும், இல்லையென்றால் அப்பா பெயர் அங்கே இருக்கும். பதிவுப் படிவமோ அபெயீதொ, அதாவது குடும்பப்பெயர், இல்லாமல் நகராது. அவசரத்தில் முதலெழுத்தையோ ஊர்ப்பெயரையோ போட்டுவிடாதீர்கள். அந்தப் பெயர்தான் சான்றிதழில் வரும். குடியுரிமைக் கோப்பில் இருக்கும் பெயரோடு அது பொருந்த வேண்டும். பணம் கட்டுமுன் தேர்வு மையத்துக்கு மின்னஞ்சல் எழுதி, பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை இரண்டின் படத்தையும் இணைத்து, எப்படி நிரப்புவது என்று கேளுங்கள். வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பிறந்த ஊரும் தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

10. தேர்வு நாளில்

பாஸ்போர்ட் அல்லது குடியிருப்பு அட்டையின் அசல், பதிவு உறுதிச்சீட்டு இரண்டையும் எடுத்துப் போங்கள். நகலை நம்பிப் போகாதீர்கள்.

மதிப்பெண் நூறு. வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து 50, கேட்டலும் பேச்சும் சேர்ந்து 50. இரண்டிலும் தனித்தனியே 30 வேண்டும். நான் முதல் முறை பேச்சுப் பக்கத்தில் 41 வாங்கியும், எழுத்துப் பக்கத்தில் 27 என்பதால் தேறவில்லை. ஒன்றில் அதிகம் வாங்கி மற்றதைச் சரிக்கட்ட முடியாது.

எழுத்துப் பகுதியில் இரண்டு கேள்வி. இரண்டாவதில் தரும் தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கடந்துபோன ஒரு பயணத்தையோ ஒரு நாளையோ சொல்லும் தலைப்பு இருந்தால் அதையே எடுங்கள், அதற்குத்தான் இவ்வளவு நாள் பழகியிருக்கிறீர்கள். எழுதுமுன் ஓரத்தில் வினைகளை மட்டும் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்: இரண்டு இம்பெர்ஃபேக்தொ, அப்புறம் "உன் தீய" (ஒருநாள்), அப்புறம் நான்கு இந்தெஃபினீதொ, கடைசியில் மெ குஸ்தோ மூச்சொ (எனக்கு ரொம்பப் பிடித்தது). மீதி நேரத்தில் தீல்தெ மட்டும் பார்க்க ஒருமுறை படியுங்கள்.

பேச்சுத் தேர்வுக்கு முன் தயாராக 12 நிமிடம் தருவார்கள். அதில் முழு வாக்கியம் எழுதாதீர்கள், பார்த்துப் படிக்க விடமாட்டார்கள். படத்தை வர்ணிக்கும்போது நிகழ்காலமும் எஸ்தா கொமியேந்தொ வகையும் போதும். தவறான காலம் வாயில் வந்துவிட்டால் பெர்தோன் என்று சொல்லிவிட்டுச் சரியானதைச் சொல்லுங்கள். நான் மூன்று இடத்தில் அப்படிச் செய்தேன், தேர்வாளர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

முடிவு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். இணையத்தில் உங்கள் கணக்கில் ஆப்தொ என்று இருந்தால் தேறிவிட்டீர்கள், நோ ஆப்தொ என்றால் இல்லை. சான்றிதழைப் பதிவிறக்கியதும் முதல் வேலையாகப் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் அன்றைக்கே தேர்வு மையத்துக்கு எழுதிவிடுங்கள்.